பிக்கப்பில் இரண்டாவது ஃபில்டர்

12 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் இருந்து வரவில்லை. திருவொற்றியூர் பட்டறையில் பம்ப் உருப்படிகளை என் பிக்கப்பில் ஏற்றி எண்ணூர். வழியில் கன்டெய்னர் லாரி வரிசை. ஒன்றேகால் மணி நேரம் நத்தை வேகம். அணைக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டே கிடந்தது.

லோடு இறக்கியதும் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மாற்றி மூன்று வாரம்தான். அதற்குள் தார் மாதிரி.

என் வீட்டுக்காரர் அந்தோணி கடலுக்குப் போய் நான்கு நாள். விசைப்படகில் டிரைவர், போனால் இரண்டு மூன்று வாரம். வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னொரு வாட்டி இன்ஜினை இறக்குனா வண்டிய வித்துட்றோம் ஸ்டெல்லா. இப்பவே சொல்ட்டேன்." நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். போன வருடம் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணியபோது நாற்பது நாள் வீட்டில். மூன்று தடவை பரண் சுத்தம் செய்தேன்.

ஆயிலை இன்னும் சுத்தமாக வடிகட்ட நான் வாங்கிய பைபாஸ் ஃபில்டர் பெட்டி இரண்டு மாதமாக அலமாரி மேல் தூங்குகிறது. அவர் வருவதற்குள் மாட்டிவிட வேண்டும்.

13, செவ்வாய்

வெயில். ஒரே ஒரு லோடு.

மெக்கானிக் காசிம் பாயிடம் பெட்டியைக் காட்டினேன். ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, சோத்து டப்பா மாரி கீது? ஆயிலு பூரா இது வழியா போனா இன்ஜின் பட்டினி கெடக்கும்மா."

"பூரா போவாது பாய். மெயின் ஃபில்டர் அது பாட்டுக்கு ஓடும். இது பக்கத்துல, கொஞ்சமா வாங்கி, பொடிக் கரி வரைக்கும் வடிகட்டி திரும்ப இன்ஜினுக்குள்ள வுடும். அவ்ளோதான்."

"கம்பெனிக்காரன் வெக்காதத நீ வெக்கிற. நான் தொட மாட்டேன். நாளிக்கு இன்ஜின் புடிச்சுக்கிச்சுனா அந்தோணிக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் தொடாவிட்டால் யார் தொடுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வருவதற்குள் விடை வந்துவிட்டது.

14, புதன்

வேண்டியவை:
– ஆயில், புது மெயின் ஃபில்டர்
– ஆயில் ஊற்றும் வாய்க்கு இன்னொரு மூடி (வடிகட்டிய ஆயில் திரும்பும் ஹோஸுக்கு அதில் ஓட்டை போட. இன்ஜினில் இருப்பதைத் தொடக் கூடாது)
– ஹோஸ் கிளாம்ப் 6
– செம்பு வாஷர்
– துணி நிறைய
– பால், தோசை மாவு

இன்ஜினில் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பெட்டியோடு வந்த, மூன்று வாய் உள்ள டி-யைத் திருகிப் பார்த்தேன். ஒன்றரைச் சுற்று போய் இறுகியது. இன்னொரு முறை அழுத்தினால் போய்விடும் போலத்தான் இருந்தது. கை அதற்குத் துடித்தது. அழுத்தவில்லை. மரை நசுங்கினால் இன்ஜின் பிளாக்கே போச்சு. சுவிட்சைத் திரும்ப மாட்டிவிட்டு, டி-யோடு ராயபுரம் லேத் சேகரிடம் போனேன். சுவிட்சை அங்கேயே வண்டியில் கழற்றி மரையை அளந்தான்.

"அக்கா, உன் டி இன்ச்சு மரை. வண்டி எம்.எம். மரை. ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. நல்ல வேள, அடாவடியா திருகாம வுட்ட. ஆம்பளிங்க நாலு பேரு திருகி ஒடச்சி எட்து வந்துகிறானுங்க."

பித்தளையில் ஓர் இணைப்பு கடைந்து கொடுத்தான். ஒரு பக்கம் இன்ச், ஒரு பக்கம் எம்.எம். உள்ளங்கையில் தங்கம் மாதிரி மின்னியது. வீடு வரும்வரை பாக்கெட்டில் போடவில்லை, கையிலேயே.

15, வியாழன்

விடுமுறை. மாதா திருநாளும்கூட. காலைப் பூசை, பிறகு பழைய சுடிதார். தெருவில் கொடியேற்றப் பாட்டு.

பழைய ஆயில் வடித்தேன். மெயின் ஃபில்டர் மாற்றினேன். புது மூடியில் ஓட்டை போட்டு, பிசிறு தேய்த்து, பெட்ரோலில் கழுவினேன். ஃபில்டரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பேட்டரிக்குப் பக்கத்தில், சைலன்சர் குழாயின் சூடு படாத இடத்தில் முடுக்கினேன். பித்தளை இணைப்பு வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. சுவிட்ச், ஹோஸ், கிளாம்ப். பைபாஸ் ஃபில்டருக்குள் முதலிலேயே ஆயில் நிரப்பினேன், காற்று நிற்கக் கூடாதே.

எதிர் வீட்டு மரியபுஷ்பம் மாடியிலிருந்து: "இன்னா ஸ்டெல்லா, நல்ல நாளும் அதுவுமா வண்டிக்கு ஆப்பரேஷனா?"

"ஆமாக்கா. பேஷண்டு பொழைக்கணும்னு வேண்டிக்கோ."

சாவி போட்டேன். ஆயில் விளக்கு சிவப்பு. ஸ்டார்ட் பண்ணினேன். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பு. நான்கு, ஐந்து. கை சாவியில். விற்பதற்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூட மனசு ஓடிவிட்டது. ஆறில் விளக்கு அணைந்தது.

இறங்கிப் பார்த்தால் டி-யின் அடியில் ஒரு சொட்டு. உடனே இன்ஜினை நிறுத்தினேன். அவசரத்தில் பழைய வாஷரையே போட்டிருக்கிறேன். புதுசு என் சுடிதார் பையில்! மாற்றினேன். மறுபடி ஸ்டார்ட். சொட்டு இல்லை. கால் மணி கழித்து ஃபில்டர் டப்பாவைத் தொட்டேன். இளஞ்சூடு. ஆயில் ஓடுகிறது. மூடியைத் தூக்கினேன். பென்சில் முனை அளவுக்கு ஓர் ஆயில் இழை, ஹோஸிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ. கண்ணில் தண்ணீர். புகையால் இல்லை.

16, வெள்ளி

முழு லோடு, மணலி. சடையங்குப்பம் பக்கம் ஆயில் வாடை. ஓரம் கட்டிப் பார்த்தேன். நேற்று சிந்தியது சூட்டில் வேகும் வாடைதான். ஆனால் நிறுத்தியது நல்லதாயிற்று. ஹோஸ் ஓரிடத்தில் பிராக்கெட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கீறல். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அறுந்து, ஆயில் மொத்தமும் ரோட்டில். பழைய ஹோஸ் துண்டைப் பிளந்து உறையாகப் போட்டேன். இது பெட்டியோடு வந்த காகிதத்தில் இல்லை.

19, திங்கள்

தூறல். எண்ணூரில் இரண்டு மணி நேர வரிசை. கவலையே படவில்லை. தலைவலி மட்டும்.

25, ஞாயிறு

அந்தோணி வந்துவிட்டார். கறுத்து, தாடியோடு. குளித்துச் சாப்பிட்டதும், நான் வாயைத் திறக்கும் முன்பே, பானெட்டைத் தூக்கினார். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் (மரியபுஷ்பம்).

ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தொடர்ந்து போனார். உறை போட்ட இடத்தில் விரல் நின்றது. ஆயில் குச்சியை இழுத்தார், துடைத்தார், மறுபடி விட்டு இழுத்தார்.

"எப்ப ஆயில் மாத்துன?"

"பத்து நாள் ஆச்சி."

"பொய் சொல்லாத. நேத்து மாத்துனா மாரி கீது."

"லோடு சீட்டக் காட்டவா?"

பானெட்டை மெதுவாக மூடினார். எப்போதும் டமால்தான். பிறகு காசிம் பாய்க்குப் போன் போட்டு, "பாய், வண்டிய ஒருத்தன் கேட்டுகினு இருந்தான்ல? விக்கறதுக்கு இல்லன்னு சொல்டு" என்றார். ஆள் பார்த்து வைத்திருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. வஞ்சிரம் வறுத்தேன், எனக்குப் பெரிய துண்டு.

27, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. லோடு முடித்து வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அந்தோணி வாசலில் போனில். படகு ஓனர் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"ஆமா ஓனரே, நம்ம போட்டு இன்ஜினுக்கும் வெக்கலாம்... எனக்கு இன்னா தெரியும், மாட்டுனது நான் இல்லியே. எங்க வூட்லதான் மாட்டுனாங்க. அவங்களாண்டயே கேளுங்க."

மாட்டுனாங்க. பத்தொன்பது வருடத்தில் இந்த "ங்க" முதல் தடவை.

போனை நீட்டினார். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"சொல்லுங்க ஓனரே. உங்க இன்ஜின்ல மரை இன்ச்சா, எம்.எம்.மா?"