பாஸ்போர்ட் படம்

பிராங்க்பர்ட்,
4.10.1968

அன்புள்ள அம்பிகா,

நலம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொள் என்று எழுதி எத்தனை மாதமாகிறது? வீடு பார்த்துவிட்டேன்; சமையலறை ஜன்னலிலிருந்து நதி தெரியும். உன் முகத்தில் வெண்திட்டுகள் வந்திருப்பதாக உன் அண்ணா எழுதியிருந்தார். இதற்காகவா தயங்குகிறாய்?

பழைய படங்களைச் சுத்தம் செய்து சீராக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஐந்நூறு வருஷத்துப் பழைய நெதர்லாந்து ஓவியம் ஒன்று வந்திருக்கிறது. ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள். கண்ணாடிக்குள் மண்டையோடு இளிக்கிறது. அழகைப் பற்றிக் கர்வம் கூடாது என்று அர்த்தமாம். உன் நினைவு வந்தது. முகத்துக்காக இத்தனை கவலை எதற்கு?

உன்,
குருமூர்த்தி

கும்பகோணம்,
17.10.1968

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

இது கர்வமில்லை. ஒட்டிக்கொள்ளாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் என் டம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போகிறாள். உங்கள் ஓவியர் அந்தப் படத்துப் பெண்ணைப் பழிக்கிறார். அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்ததும் அவர்தானே?

நீங்கள் பார்த்துவிட்டுப் போன முகம் இப்போது என்னிடம் இல்லை. அத்தனை தூரம் வந்த பிறகு, என்னைக் கண்டதும் நீங்கள் ஒரு கணம் தயங்கினால் என்னால் தாங்க முடியாது. நான் வரவில்லை.

அம்பிகா

பிராங்க்பர்ட்,
1.11.1968

அன்புள்ள அம்பிகா,

தெரியாமல் உபதேசம் செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இந்த வாரம் அதே காலத்து வேறொரு படத்தைச் சுத்தம் செய்தோம். தேவாலயத்துக்குக் காணிக்கையாக ஒரு வியாபாரியும் மனைவியும் தங்களையே வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முகம் மெழுகு போல வழவழப்பாக இருந்தது. மேல் பூச்சை எடுத்ததும் கன்னத்தில் பெரிய கறுப்பு மச்சம். பின்னால் வந்த யாரோ மறைத்திருக்கிறார்கள். அவள் மறைக்கச் சொல்லவில்லை. ஊரே வந்து கும்பிடும் இடத்தில் அந்த முகத்தோடுதான் இருக்க நினைத்திருக்கிறாள்.

தயங்க மாட்டேன் என்று இங்கிருந்து எழுதுவது சுலபம். நீ அதை நேரில்தான் பார்க்க வேண்டும். ஜனவரியில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். பஸ்ஸில் உன் பக்கத்து இடம் எனக்கு.

உன்,
குருமூர்த்தி

கும்பகோணம்,
18.11.1968

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். வேலையை விட வேண்டாம்.

நேற்று ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோகிராபர் உமாபதி நல்ல மனிதர். "கவலைப்படாதீங்கம்மா, டச்சப் பண்ணி எல்லாத்தையும் மறைச்சுடறேன்" என்றார். "இருக்கறபடியே இருக்கட்டும்" என்றேன். அவருக்குத்தான் வருத்தம்.

இந்தக் கடிதத்தோடு போட்டோவின் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நான் எதிரில் இல்லாதபோது பாருங்கள். தயங்கினாலும் பரவாயில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் டிக்கெட் வாங்கி அனுப்புங்கள்.

உங்கள்,
அம்பிகா