மறுப்புக்கு ஒரு பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். என் முதுகைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அத்தானின் முழங்கால் தேவலையா? நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. கூடவே நாலு வரி எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆரம்பித்த தத்துவக் காலாண்டிதழுக்கு இந்த வருடம் நாற்பது வயது. ஜூன் இதழுக்காக அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரம் பார்த்துப் பத்திரிகைப் பதிவாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "சார், விதிப்படி ரெண்டு ஆசிரியர் இருக்கணும். உங்க அக்கா கையெழுத்துப் போட்டு பதினோரு வருஷமாச்சே!" என்றார். நீ கையெழுத்துப் போட்டால் இதழ் தொடரும். இல்லாவிட்டால் ஜூன் இதழே கடைசி. படிவத்தை இணைத்திருக்கிறேன். கோபப்படாமல் பார்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு ஆசிகள்.

அத்தானின் முழங்கால் தேவலை. என் கோபம் இன்னும் தேவலையாகவில்லை.

நான் விலகிய பிறகும் அட்டையில் என் பெயர் வந்துகொண்டிருக்கிறதே, யாரைக் கேட்டுப் போட்டாய்? நம் வழக்கம் என்ன? ஒரு கட்டுரையை நம்மில் ஒருவர் ஏற்காவிட்டால், அவருடைய மறுப்பும் அதே இதழில் வர வேண்டும். எவ்வளவு பெரிய பேராசிரியர் குதித்தாலும் அதை விட்டுக்கொடுத்ததில்லை. காலம் என்று ஒன்று கிடையாது என்று நீ நாற்பது பக்கம் எழுதினாய். நான் ஆறு பக்கத்தில் மறுத்தேன். இடமில்லை என்றாய்! காலத்தையும் ஒழித்து, இடத்தையும் நீயே வளைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது?

கையெழுத்துப் போடமாட்டேன். வரலாற்றை மட்டும் அனுப்பு. என்னென்ன அளந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வரலாறு இத்துடன் இருக்கிறது. முப்பது பக்கம். கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ போனதிலிருந்து ஒவ்வொரு இதழிலும் 'மறுப்பு' என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விடுகிறேன், பார்த்திருப்பாய். முதல் தடவை அச்சகக்காரர், "சார், மேட்டர் விட்டுப்போச்சு!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார். இப்போது பழகிவிட்டார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மொழியின் எல்லையை இவ்வளவு துணிச்சலாக எந்த இதழும் காட்டியதில்லையாம். நன்றி என்று பதில் போட்டேன். எங்க அக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்றா எழுத முடியும்?

வரலாற்றில் அதைப் பற்றி ஒரே வரிதான்: 'கடந்த பதினோரு ஆண்டுகளில் இணை ஆசிரியருக்கு மறுப்பு ஏதும் இருக்கவில்லை.'

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

எனக்கு மறுப்பு இல்லையா? எனக்கா?

'இரு சிந்தனையாளர்கள் ஒரு மாலைப் பொழுதில் உண்மையைத் தேடி இவ்விதழைத் தொடங்கினர்' என்று ஆரம்பித்திருக்கிறாய். உண்மையைத் தேடி அல்ல. நம் இரண்டு பேர் கட்டுரைகளையும் ஒரே இதழ், ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பியது. நீ கண்ணைக் கசக்கினாய். "அழாதடா, நாமளே ஒண்ணு நடத்துவோம்" என்றது நான். 'பொருள்கள் உண்மையில் இருக்கின்றனவா' என்ற சிறப்பிதழைப் பெருமையாகச் சொல்கிறாய். அப்போது நம் அறையில் மேசையே இல்லை, தரையில் குப்புறப் படுத்து மெய்ப்புத் திருத்தினோம் என்பதை ஏன் எழுதவில்லை? சந்தாதாரர்கள் 'உலகெங்கும் பரவினர்' என்பது நம் பெரியப்பா மகன் கப்பல் வேலைக்குப் போனது. உனக்குப் பெரியப்பா என்றால் எனக்கும் பெரியப்பாதான், எனக்குத் தெரியாதா?

கடைசி பதினோரு வருடக் கட்டுரைகளையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதியிருக்கிறேன். மொத்தம் இருபத்தெட்டுப் பக்கம். போடுவதானால் ஒரு வரி குறையாமல் போடு. கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுக்காதே.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

மெய்ப்பு அனுப்பியிருக்கிறேன். இதழில் வரலாற்றுக்கு ஒதுக்கியது முப்பது பக்கம். உன் மறுப்பு இருபத்தெட்டு. அதனால் என் வரலாற்றை இரண்டு பக்கமாக வெட்டிவிட்டேன். அச்சகக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "இதுல கட்டுரை எது சார், மறுப்பு எது?" என்றார். "பெருசா இருக்கறது எங்க அக்காவோடது" என்றேன்.

உன் பக்கங்களைப் படிக்கும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். தரையில் குப்புறப் படுத்து மெய்ப்புத் திருத்திய கதை வரும் இடத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. இப்போதும் ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும், "இது தேறுமா?" என்று நீ உட்காரும் இடது பக்கம் திரும்பிக் கேட்கிறேன். அங்கே இரும்பு பீரோதான் நிற்கிறது. அது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. தனியாக நடத்திப் பார்த்துவிட்டேன் அக்கா, நன்றாகவே இல்லை.

கையெழுத்து வேண்டாம். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். இந்த இதழோடு மூடிவிடலாம் என்று பதிவாளரிடம் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
தம்பி

மே 16

என் அன்புத் தம்பிக்கு,

பதிவாளரிடம் எதுவும் உளறிவைக்காதே.

மெய்ப்பைப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் என்னைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதவிட்டுவிட்டாய். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இரண்டு பக்கத்தில் நீ எழுதியிருப்பதுதான் நீ இதுவரை எழுதியதிலேயே உருப்படியானது. அத்தானும் அதையே சொன்னார். படித்துவிட்டு நான் அழுதேன் என்பதையும் அவர் எழுதச் சொல்கிறார்.

ஆனால் ஒரு சிக்கல். இருபத்தெட்டுப் பக்கம் உன்னைக் கிழித்திருக்கிறேன். நீ பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்வது என்ன நியாயம்? எந்த மறுப்புக்கும் பதில் அடுத்த இதழில்தானே வர முடியும்? அதற்கு அடுத்த இதழ் என்று ஒன்று இருந்தாக வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். பதிலைத் தயாராக வைத்திரு. சுமாராக இருந்தால் போட விடமாட்டேன்.

அக்கா
இணை ஆசிரியர்