ஐந்தே முக்கால் அறிவித்தல்

ஏப்ரல் 9, புதன்

வெயில் கடுமை. காற்று அசையவில்லை. கடல் பக்கம் வானம் வெள்ளைத் துணி போல. இப்படிப்பட்ட நாளில்தான் அக்கரை டிவி இக்கரைக்கு வரும். முத்துப்பேட்டையில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

காலை வேலை:
1. மாடியில் பழைய ஆன்டெனா. துரு. குறுக்குக் கம்பி இரண்டு இல்லை. இருப்பதைத் துடைத்தேன்.
2. தென்கிழக்கே திருப்பிக் கட்டினேன்.
3. புது ஒயர், மாடியிலிருந்து கூடம் வரை. நீளம் அதிகமோ?

சபியாவிடம் சொன்ன காரணம்: கேபிளில் இலங்கைத் தமிழ் சேனல் இல்லை, உனக்குப் பழைய பாட்டு கேட்கலாம். அவள் நம்பவில்லை. "உங்களுக்கு எப்பலேர்ந்து என் பாட்டு மேல அக்கறை?"

உண்மைக் காரணம் இங்கே மட்டும். மாலை ஐந்தே முக்காலுக்கு அந்தச் சேனலில் மரண அறிவித்தல் உண்டு. என் தம்பி யூசுஃப் இருக்கிறானா இல்லையா என்று அறிய எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருந்தால் மாப்புக் கேட்கலாம். இல்லையென்றால் மாப்புக் கொடுக்க ஆள் இல்லை.

சார்ஜாவில் இருக்கும் மகளிடம் சொன்னால் போனிலேயே தேடித் தந்துவிடுவாள். ஆனால் யாரைத் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டுமே. தனக்கு ஒரு சாச்சா உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

5.45. படம் இல்லை, வெறும் புள்ளி. சத்தம் மட்டும் விட்டு விட்டு. "அன்னார்... அன்பு மகனும்... பாசமிகு தந்தையும்... மைத்துனரும்..." பெயர் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. உறவுகள் வருகின்றன. ஆட்கள் வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அதே வெயில். மாத்திரை காலையில் போட்டேனா என்று சந்தேகம். இரண்டாவது போடவில்லை.

சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கினேன். கடைத்தெருவில் டிவி ரிப்பேர் செல்வம். ஐம்பது வயது, வாய் ஓயாது. பழைய சாமான் பெட்டிக்குள் தலையை விட்டபடியே பேச்சு.

"இந்தக் காலத்துல பூஸ்டர் கேட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான் பாய். பேரப்புள்ளைக்குக் கலக்கிக் கொடுக்குற பூஸ்டர்னா பக்கத்துக் கடை."

சிரித்தேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று கேட்டுவிடுவானோ என்று பயம். கேட்கவில்லை.

நானே பொருத்தினேன். டிவி மேசைக்கு அடியில், ஒயர் வந்து சேரும் இடத்தில். சிவப்பு விளக்கு எரிந்தது. திருகியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

5.45. படம் வந்தது. புள்ளியும் கூடவே பெரிதாகிவிட்டது. அரிசியைக் கொட்டிக் கிளறினாற்போல் திரை முழுக்க. அதற்குள் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவது முகத்தில் காது. அகலமாக, சற்று வெளியே மடங்கி. எங்கள் வாப்பாவின் காது. எனக்கும் அதுவே. யூசுஃபுக்கும்.

பெயர் படிக்கும் முன் அடுத்த முகம்.

காது போன்ற காது உலகில் எத்தனையோ. முடிவு செய்யக் கூடாது.

ஏப்ரல் 12, சனி

நேற்று மேகம், ஒன்றும் வரவில்லை. இன்று வெயில்.

5.45. மூன்றாவதாக அதே முகம். இன்று இரண்டு முகம். ஒன்று கறுப்பு, அதன் வலப்பக்கம் ஒட்டியபடி வெளிறிய இன்னொன்று. சிக்னல் இரண்டு வழியாக வந்தால் இப்படி நிழல் விழும். படித்திருக்கிறேன். ஆனாலும் இரண்டும் சேர்ந்து கண் சிமிட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகைப்படம் சிமிட்டாது. தெரியும்.

ஒயரைச் சரிசெய்ய டிவிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தேன். சபியா திரைக்கு முன்னாலிருந்து, "ஆ, இப்பத் தெளிவா இருக்கு." கையை எடுத்தேன். "போயிடுச்சு." வைத்தேன். "வந்துடுச்சு. அப்படியே நில்லுங்க."

என் கை பட்டால் அந்த முகம் தெளிகிறது. முன்னால் வந்து பார்க்கலாமென்றால் கலைந்துவிடுகிறது. நான் பின்னாலேயே நின்றேன்.

"யாரு தெரியுது?"

மறுபடி கேட்டேன்.

"ஏங்க, இது நீங்கதானே? நீங்க எப்ப இந்தக் கட்டம் போட்ட சட்டை வச்சிருந்தீங்க?"

என்னிடம் கட்டம் போட்ட சட்டை இருந்ததில்லை.

கீழே எழுத்தில் "நாற்பதாம் நாள் கத்தம்" என்று மட்டும் படித்தாளாம். ஏப்ரல் 20, ஞாயிறு என்று தேதியும். அதுவரை தினமும் காட்டுவார்கள். ஆள் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இந்த நோட்டைப் புரட்டினேன். "தலையணை உறை மாற்றியது. பல் வலி."

ஏப்ரல் 13, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன். எங்கும் எழுதியதில்லை.

முப்பத்தைந்து வருடம் இருக்கும். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். சிறு வயதிலேயே அக்கரை போன யூசுஃப் மன்னாரில் கடை வைத்திருந்தான். அங்கே சண்டை. ஒரு விடியலில் பின்கட்டுக் கதவைத் தட்டினான். படகில் வந்தவன், இடுப்பு வரை சேறு, கையில் ஒரு காகிதம்கூட இல்லை. சபியா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் அவனை விசாரித்துவிட்டு என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க தம்பின்னு சொல்றாரே, சார்?"

அந்த வாரம்தான் படகில் ஆள் ஏற்றியவர்களோடு பழக்கம் என்று ஒரு குமாஸ்தாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அதுதான் நினைவு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"பசின்னு வந்தாரு. சோறு போட்டோம். யாருன்னு தெரியாது."

யூசுஃப் என்னைப் பார்த்தான். பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். "ஆமா, இவங்களுக்கு என்னைத் தெரியாது" என்று அவனே இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்து முகாமில் அவன் இல்லை. அக்கரைக்கே திரும்பிவிட்டான் என்று பேச்சு. நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் விசாரிக்கிறாய் என்பார்கள்.

பிறகுதான் பார்த்தேன், பின்கட்டு டிரங்குப் பெட்டியில் என் பள்ளிச் சான்றிதழ் இல்லை. அதை மட்டும் எடுத்துப் போயிருந்தான். கரையான் அரித்துவிட்டது என்று மனு எழுதி நகல் வாங்கினேன்.

5.45க்கு டிவி போடவில்லை. அணைத்த திரையில் கூடம் தெரிந்தது, நாற்காலியில் நான். சபியா வந்து அதன் மேல் துணியைப் போட்டாள். அவளும் அன்று அங்கேதான் இருந்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் தூறல். பக்கத்து வயலில் உளுந்துச் செடி பிடுங்கிப் போட்டவர்கள் ஓடி ஓடிப் படுதா மூடினார்கள். பத்து மணிக்குள் வெறித்துவிட்டது.

செல்வத்தை வரவழைத்தேன். மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன பாய், பூஸ்டரைக் கொண்டாந்து கீழ வச்சிருக்கீங்க? மாடியிலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள சிக்னல் பாதி செத்துப்போயிடும். செத்ததைப் பெருசாக்கி என்ன ஆகப்போவுது? புள்ளிதான் பெருசாவும். மேல வைக்கணும், ஆன்டெனா காலடியில. வர்ற எடத்துலயே புடிச்சிக்கணும்."

"எனக்குத் தெரியாம போச்சு."

"படிச்ச ஆளு நீங்களே இப்படிச் செஞ்சா எங்களுக்குப் பொழப்பு ஓடும். செய்யுங்க, செய்யுங்க."

மாடியில் கம்பத்திலேயே கட்டினான். தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினான். இறங்கும்போது சொன்னான்: "மேல கொஞ்ச நேரம் நின்னா யாரோ பேசுற மாதிரி இருக்கு பாய். காத்தும் இல்ல. என்ன ஊரு ஸ்டேஷனைப் புடிக்கிறீங்க?"

மோர் கொடுத்து அனுப்பினேன்.

5.45. வானம் மூடிவிட்டது. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16, புதன்

கடும் வெயில். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேனா, தாள் தயார்.

5.45. கண்ணாடி போலப் படம். ஒரு புள்ளி இல்லை. நிழலும் இல்லை, ஒரே முகம். சபியா என் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

யூசுஃப்தான். கிழவனாகிவிட்டான். கட்டம் போட்ட சட்டை.

எழுதிக்கொண்டதை அப்படியே தருகிறேன்:

"முத்துப்பேட்டையைப் பிறப்பிடமாகவும் புத்தளத்தை வதிவிடமாகவும் கொண்ட காதர் மீரான் அப்துல் ரஹீம் அவர்களின் நாற்பதாம் நாள் கத்தம்... அன்னார், காலஞ்சென்ற காதர் மீரான், ஆமினா தம்பதியரின் அன்பு மகனும், காலஞ்சென்ற முகம்மது யூசுஃபின் அன்புச் சகோதரரும்..."

அப்துல் ரஹீம் என் பெயர்.

சபியா சத்தமாகப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாற்போல்.

புரிந்துகொள்ளச் சற்று நேரமானது. அந்தச் சான்றிதழ். அக்கரை திரும்பியபோது கையில் இருந்த ஒரே காகிதம் அதுதான். அதை வைத்து என் பெயரில் வாழ்ந்திருக்கிறான், கல்யாணம், பிள்ளைகள் எல்லாம். ஊரில் உடன்பிறந்தவர் யார் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். யூசுஃப் என்று ஒரு தம்பி இருந்தான், இறந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறான்.

நான் தெரியாது என்று சொன்ன ஆளை அவன் அன்றோடு அடக்கிவிட்டான்.

சபியா: "அவருக்குக் காயிப் ஜனாஸாவாச்சும் தொழுங்க. ஊர்ல ஒருத்தராவது தொழணும்ல?"

ஆமாம். மையித்து, அதாவது உடல், முன்னால் இல்லாமல் தொழுவது. வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு. பள்ளிவாசலில் பெயர் கொடுக்க வேண்டும்.

எந்தப் பெயர்?

ஏப்ரல் 17, வியாழன்

காலை முழுக்க ஒரு சீட்டு எழுதினேன். நான்கு முறை கிழித்தேன்.

யூசுஃப் என்று எழுதினால் எந்த யூசுஃப் என்பார்கள். என் தம்பி என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். கடைசியில் எழுதியது: "காதர் மீரான் மகன் அப்துல் ரஹீம்." அவன் வாழ்ந்து முடித்த பெயர் அதுதானே, பதிவில் உள்ளதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் உண்மையில்லை. மறுபடியும் பயம்தான்.

புத்தளம், காயிப் ஜனாஸா என்று கீழே ஒரு வரி எழுதினேன். எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். ஐந்தாவது தாளிலா, கிழித்த நான்காவதிலா?

நேரில் கொடுத்தால் கேள்வி வரும். அஸருக்கு முன்பே பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்லும் மோதினார் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, மைக் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அஸரை வீட்டிலேயே தொழுதேன்.

ஐந்தரைக்கு மைக்கில் மோதினார் குரல். வழக்கமான மவுத்து அறிவிப்பு. "நமது ஊர் காதர் மீரான் அவர்களின் மகன் அப்துல் ரஹீம் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்..." மூன்று முறை. புத்தளம் இல்லை. காயிப் இல்லை.

கூடத்தில் நின்றபடியே கேட்டேன்.

இப்போது 5.50. இது எழுதும்போதே வாசலில் செருப்புகள். கதவு தாழ்போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஜன்னல் வழியாகக் கேட்பவை:

"நாலு மணிக்கு டீக்கடைப் பக்கம் பார்த்தேனே! நல்லாத்தான் போனாரு."

"அதான் சொல்றது. நொடியில போயிடுச்சு."

"நல்ல மனுசன். ஒருத்தருக்கும் தொந்தரவு கிடையாது."

"பேசவே மாட்டாரே, தொந்தரவு எங்கேர்ந்து வரும்?"

"எத்தனை மணிக்கு எடுக்குறாங்களாம்?"

"மகளு சார்ஜாவுலேர்ந்து வர வேணாமா? சபியா லாத்தாவைக் கேளு. கதவு ஏன் சாத்தியிருக்கு?"

யாரோ மகளுக்குச் சொல்லிவிட்டார்கள். போனில் அவள் அழுகை இங்கே வரை கேட்கிறது. சபியா: "இல்லடி, இல்லடி. வாப்பா இங்கதான் உக்காந்து எழுதிக்கிட்டிருக்காங்க." போனை என்னிடம் நீட்டினாள். பேசினேன். மகள் முதலில் நம்பவில்லை. "அப்ப மவுத்தானது யாரு வாப்பா?" என்றாள். போனைச் சபியாவிடமே கொடுத்துவிட்டேன்.

சபியாவிடம் சொன்னேன், நீ போய்ச் சொல், அறிவிப்பில் ஏதோ தப்பு என்று சொல், போய்விடுவார்கள்.

"அன்னிக்கு உங்களுக்காக நான் வாயை மூடிட்டு நின்னேன். இன்னிக்கு என்னால முடியாதுங்க."

திண்டில் சாய்ந்தாற்போல் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே யாரோ யாசீன் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு குரலாகச் சேர்கிறது. எனக்காக ஓதுகிறார்கள். அவனுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஓதுகிற யாருக்கும் அது தெரியாது. நான் தப்பு அறிவிப்பு என்று சொன்னால் இதுவும் அவனிடமிருந்து போய்விடும்.

கதவு வரை போனேன். திரும்பி வந்தேன்.

யாசீன் முடிந்தது. துஆ. என் பெயரைச் சொல்லி ஆமீன், ஆமீன். இத்தனை பேரா?

சபியா தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். கதவைத் திறக்கவில்லை. ஓரமாக நின்று என்னைப் பார்க்கிறாள்.

சொல்ல வேண்டியது: மவுத்தானது என் தம்பி. பெயர் யூசுஃப். மன்னாரில் கடை வைத்திருந்தவன். போலீஸ் கேட்டபோது தெரியாது என்று சொன்னது நான்.

நான்கு வாக்கியம். போகிறேன்.