அளவு பார்க்காத கூடு

தம்பி,

உன் நோட்டைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெய் வாடைதான் முதலில் வந்தது. நேற்று உன் மனைவி அமெரிக்காவிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்து, உன் சாமான்கள் இருந்த பெட்டியை என் முன்னால் வைத்தாள். சட்டைகளுக்கு அடியில் இது கிடந்தது. நீ தோட்டா செய்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறாய்.

நீ டெக்சாஸில் பன்றி வேட்டைக்குப் போகிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இளையரசனேந்தல்ல நம்ம மக்காச்சோளத்தத் திங்கிற பன்னிய விட்டுட்டு, அங்கன போயி சுடுதியாக்கும்?" என்று கேட்டேன். வீடியோ காலில் உன் மேசையைக் காட்டினாய். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அளவு சரிதானா என்று பார்த்த பிறகு மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைப்பாய்.

"இந்தத் துப்பாக்கி அடுத்த தோட்டாவத் தானே இழுத்துக்கிடும்க்கா. கூடு ஒரு பொட்டு பருத்திருந்தாக்கூட உள்ள சரியா உக்காராது. அப்படியே வெடிச்சா மூஞ்சிக்குத்தான் வரும்" என்றாய். அதனால் அந்த நேரத்தில் நீ யாருடைய போனையும் எடுப்பதில்லை. அக்காவுக்குக்கூட நேரமில்லையா என்று நான்தான் சண்டை பிடித்தேன். அதற்கப்புறம் என் போனை மட்டும் எடுத்தாய்.

ஒரு ஞாயிறு, அறுக்க வேண்டிய மக்காச்சோளத்தைப் பன்றிகள் மிதித்துச் சாய்த்துவிட்டன. வயலில் நின்றபடியே உன்னைக் கூப்பிட்டு அழுதேன். உனக்கு அப்போது காலை. அச்சு இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் இரு அக்கா, ஒரு நிமிசம்" என்று இரண்டு முறை சொன்னாய். நான் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் துப்பாக்கி வெடித்து உன் வலது கண் போனது.

அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்தது ஒரே ஒரு முறை. வரப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். யாராவது வலப்பக்கமிருந்து பேசினால் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தாய். எனக்குத் தாங்கவில்லை.

"ஏல, உண்மையச் சொல்லு. எப்படி ஆச்சு?"

"துப்பாக்கி பழசுக்கா. விடு."

நான் நம்பினேன். போன வருஷம் உன் நெஞ்சு நின்றுபோனபோதும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரியில் 'அக்கா போன்' என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் வேறு மையில், கோணலான எழுத்தில், 'அளவு பாக்காத கூடு' என்று இருக்கிறது. கண் போன பிறகு எழுதியது. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் வெறும் தாள்.

உன் மனைவியிடம் நீட்டினேன். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மயினி. அக்காட்ட மட்டும் சொல்லிராதன்னு அவுக சத்தியம் வாங்கிட்டாவ."

"பொறவு ஏன் இதக் கொண்டாந்த?"

அவள் நோட்டை வாங்கி மூடிவைத்தாள். அப்புறம், "எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கது தாங்க முடியல மயினி" என்றாள்.

அவள்மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் உன்மேல்தான். அன்றைக்கே என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம். உன் முன்னால் வந்து நின்று, 'என்னாலதான்ல' என்று ஒரு தடவை அழுதிருப்பேன். நீயும் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் நோகக் கூடாதென்று அந்த ஒரு தடவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கேட்க முடியாத மன்னிப்பை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல்.

அக்கா