நம்பர் வேற என்றாய்

உன் தகர டப்பாவை நேற்று என் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். உன் முதல் திவசம் முடிந்து, மரைன் ஹில் வீட்டில் உன் அலமாரியை ஒழித்தார்களாம். "மூடி மேல மாமா உங்க பேர எழுதி வச்சிருக்காருப்பா" என்றாள். மூடியைத் திறந்ததும் உப்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்த அந்த வாடை. உடனே தலையைத் தூக்கி, தொங்கும் விளக்கு ஆடுகிறதா என்று பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம், இத்தனை வருஷமாகியும் போகவில்லை. விளக்கு அசையவில்லை. நடுக்கம் எனக்குத்தான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததா? முப்பது வருஷம் கப்பல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் கப்பல் ஏறப் பயப்படுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீ. ஆனால் எனக்கு இருந்த பெரிய பயம் கப்பல் அல்ல. நம் இரண்டு வீடும் ஒரே நம்பரோ என்பதுதான்.

நம் வீடுகளில் கோத்திரம் கிடையாது. இந்தத் தீவுக்குக் கைதிகளாகக் கப்பலில் வந்தவர்கள் அதை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய நம்பர்தான் நமக்குக் கோத்திரம். ஒரே நம்பர் என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. உன் கொள்ளுத்தாத்தா நம்பரில் வம்பில்லை; உன் தாத்தா அவருடைய மூத்தாள் பிள்ளை. வம்பெல்லாம் என் தாத்தாவிடம். அவரைப் பெற்றவளும் கைதியாக வந்தவள். முதல் புருஷன் காய்ச்சலில் போனதும், அதே வருஷம் உன் கொள்ளுத்தாத்தா அவளைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் என் தாத்தா பிறந்தார். வயிற்றில் சுமந்துகொண்டு வந்தாளா, வந்த பிறகு உண்டானாளா? உன் வீட்டில் "எங்க ரத்தம்" என்பார்கள். என் வீட்டில் "இல்லவே இல்லை" என்று சண்டைக்குப் போவார்கள். நமக்கு அது கேலி. பங்காளியா மச்சானா என்று தெரியாமலே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

சுனாமியில், நீ அப்போது இருந்த மின்னி பே வீட்டுக்குள் கடல் வந்தது. நீங்கள் எல்லோரும் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்தீர்கள். அந்த மூன்று மாதத்தில் உன் மகனும் என் மகளும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கூரையில் இருந்தும் நமக்குத் தெரியவில்லை. தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்க வேணாம்னா மெயின்லேண்ட் போயிடுவோம்" என்று என் மகள் நேருக்கு நேர் சொன்னாள். மறுத்தால் பெண் போய்விடுவாள். செய்து வைத்தால், அண்ணனுக்கே தங்கையைக் கொடுத்த பாவியாகிவிடுவேனோ?

நீ வேலை பார்த்த பழைய ரிக்கார்டு அறையிலும் கடல் புகுந்திருந்தது. நனைந்த பதிவேடுகளை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாய். அதில் ஒன்று பிறப்புப் பதிவேடு. பிள்ளை பெயருக்கு எதிரே தகப்பன் நம்பரை எழுதியிருப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன இரண்டு தாள்களை எனக்குக் காட்டினாய். "முந்தின மாசம் இந்தப் பக்கம் இருக்கு, அடுத்த மாசம் அந்தப் பக்கம் இருக்கு. உன் தாத்தா பிறந்த மாசம் இதுக்குள்ளதான்டா" என்றாய்.

"பிரிச்சுப் பாரேன்."

"அரே, சும்மா பிரிக்க முடியுமா? ஈரத்துல பிரிச்சா மை போகும், காய விட்டா தாள் கிழியும்."

அந்த நேரம் பார்த்து நிலம் ஆடியது. மாடியில் இருந்த எல்லோரும் படியில் விழுந்தடித்து இறங்கினோம். கீழே வந்து பார்க்கிறேன், நீ அந்தத் தாள் கட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாய். உன் முகத்தில் பயத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். நில அதிர்ச்சியால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து என் வாசலில் வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டரோ மத், பயப்படாதடா. பார்த்துட்டேன். நம்பர் வேற. முதல் புருஷனோட நம்பர்தான் போட்டிருக்கு. தேதி பார்த்துக் கல்யாணத்த வை." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தாளைக் காட்டு என்று கேட்கத் தோன்றவே இல்லை. கெட்டுப்போன தாள்களோடு அதையும் கழித்துவிட்டார்கள் என்று நீயாகவே சொன்னாய்.

முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் கைவிரல், கால்விரலெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரே ரத்தம் கலந்தால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்பார்களே; நம்பர் வேறு என்று தெரிந்த பிறகும் எண்ணினேன், என் புத்தி அப்படி. தலை நிமிர்ந்தால் நீ எதிரே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாய். சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

டப்பாவுக்குள் வேப்பிலைக்கு நடுவில் அந்தத் தாள் கட்டி இருக்கிறது. நான்கு ஓரமும் ஒட்டியபடியே இருக்கிறது. ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. நீ பிரிக்கவே இல்லையடா, திருட்டுப் பயலே!

நேற்று முழுக்க உன்மேல் கோபம். என் குலத்தை வைத்து விளையாட நீ யார் என்று காலி வீட்டில் சத்தமாகவே கேட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் உன் உதடு அசைந்தது ஞாபகம் வந்தது. நீயும் விரலைத்தான் எண்ணியிருக்கிறாய். நான் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை வருஷமும் என் பயத்தையும் சேர்த்து நீ ஒருத்தனாகவே சுமந்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா?

இன்று காலை அடுப்பில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் கொதிக்க விட்டேன். ஆவியில் காட்டினால் ஒட்டிய தாள் விட்டுக்கொடுக்கும் என்று நீ எப்போதோ சொன்னதுதான். உனக்கு வழி தெரிந்தே இருந்திருக்கிறது. ஆவி வந்தது, தாளைக் கையில் எடுத்தேன். அப்போது பேத்தி அவள் வீட்டிலிருந்து நோட்டோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம்.

"தாத்தா, அப்பா வீட்டு நம்பர் வேற, அம்மா வீட்டு நம்பர் வேறதானே?"

பென்சிலைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன்.

"வேறதான் கண்ணு. நான் பார்த்துட்டேன்."

உன் குரலிலேயே வந்தது. அவளும் என்னைப் போலவே நம்பிவிட்டுப் போனாள்.

தாள் மறுபடியும் டப்பாவில், டப்பா என் கட்டிலுக்கு அடியில். பயம் போய்விட்டது என்று உன்னிடமும் பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் இருந்தது இப்போது என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த மடலின் தொடக்கத்தில் உன்னை அண்ணன் என்று எழுதுவதா, சம்பந்தி என்று எழுதுவதா என்று தெரியாமல் இடம் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்: சம்பந்தி.