பத்துக்கு ஒரு சீட்டு

ஜனவரி 5, திங்கள்

காலையில் உறைபனி. சோலூர் சரிவு முழுக்கத் தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் ஹீட்டர் பழுது. எம்.ஏ. வரலாறு பரீட்சைக்குப் படித்தது: ரோமின் கிராஸஸ் (இனி கி.).

— எரிகிற வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டுதான் தீயை அணைப்பான்.
— இரண்டு முறை கான்சல். ரோமில் அதற்கு மேல் பதவி இல்லை.
— அடிமைகளின் கலகத்தை அடக்கியவன். பயந்து ஓடிய தன் வீரர்களையே பத்துப் பத்தாகப் பிரித்துச் சீட்டு எடுக்க வைத்தான். சீட்டு விழுந்தவனை மற்ற ஒன்பது பேரும் அடித்தே கொல்ல வேண்டும்.

இவனைப் பற்றி எழுதினால் பதினைந்து மார்க்.

ஜனவரி 6, செவ்வாய்

மறுபடி பனி. காது வலி. மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டார். "என்னப்பா படிக்கறே?" கிளார்க்கான என்னை உட்காரச் சொல்லிவிட்டாரே என்ற குஷியில் கி.யின் சீட்டுக் கதையை நடித்தே காட்டினேன். "மூளைக்காரன்யா அந்தாளு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

ஜனவரி 8, வியாழன்

கொழுந்து இல்லாததால் தற்காலிக ஆட்களைக் குறைக்கிறார்கள். தற்காலிகமாக இருப்பது மொத்தம் ஐம்பது பெண்கள்.

மேனேஜர்: "நாம யாரையும் நிறுத்த வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு சீட்டு. அவங்களே எடுக்கட்டும், பழி நம்ம மேல வராது. நீ சொன்னதுதானே?"

ஐம்பது சீட்டும் நானே வெட்டினேன். ஐந்தில் பெருக்கல் குறி போட்டேன். த்தூ.

ஜனவரி 9, வெள்ளி

வெயில், சூடில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பிஸ்கட் டின்னில் சீட்டு. குலுக்கியது நான். "ரோம்ல ஒரு பெரிய தலைவர் செஞ்ச முறை இது" என்று மேனேஜர் பெருமையாகப் பிரசங்கம்.

குறி விழுந்த ஐவரில் சரோஜாக்கா. காந்தலில் எங்கள் சந்துதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு கொண்டுவந்தவர். அவர் வீட்டில் சம்பளம் என்று வருவது அவருக்கு மட்டும். கூடப் பறிக்கிற பெண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த ரோம்காரன் பேரு என்னங்க?"

"எதுக்குங்கக்கா?"

"மண்ணை வாரித் தூத்தோணுமுங்க. பேரு தெரியாமத் தூத்துனாப் பலிக்காது."

கிராஸஸ் என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், சரியாக வந்தது. குனிந்து மண் அள்ளினார்.

மேனேஜருக்குச் சொல்லிக் கொடுத்தவன் பேரை நான் சொல்லவில்லை.