அப்பாவும் நாற்பத்தைந்தும்

ஸ்ட்ரெதம்,
லண்டன்,
9.2.2025

தம்பி ரதீசனுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நல்ல சுகமாக இருக்கிறாய் என்பதை வீடியோவில் பார்த்துவிட்டேன். போனில் எடுத்தால் இருவரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் வாசி.

நேற்று கஜந்தினி வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, அம்மப்பாவைச் சுட்டவங்களா? ஹார்ட் அட்டாக் எண்டுதானே எனக்குச் சொன்னீங்கள்?" எப்போது, எப்படிச் சொல்வது என்று நான் இத்தனை காலம் யோசித்துக்கொண்டிருந்ததை, நீ குரோய்டனில் ஒரு மண்டபத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்குச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய்.

முழுவதையும் இருந்து பார்த்தேன். மேசையில் பச்சைத் துணி. அதன்மேல் அந்தப் பழைய அமெரிக்கப் பிஸ்டல். குண்டின் அளவை வைத்து 'நாற்பத்தைந்து' என்று, பழைய துவக்குச் சேர்க்கிற உங்கள் கூட்டம் வீட்டுப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடும் அந்தச் சாமான். அதன் பிடி எப்படிக் கைக்குள் அடங்கும், நூறு வருடம் கழிந்தும் அதைவிடத் திறமாக ஒன்றை ஏன் ஒருவராலும் செய்ய முடியவில்லை, சுட்டவுடன் குண்டின் வெற்றுக்கோது எப்படித் துள்ளிப் பக்கத்தில் விழும் என்று ஒரு மணித்தியாலம் உருகினாய். இதே மாதிரி உருகுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். இருக்கட்டும். பிறகு குரலைத் தாழ்த்தினாய். "என் தந்தையைக் கொன்றதும் இதே துப்பாக்கிதான். எனக்கு ஏழு வயது. அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்."

எந்தச் சத்தம், ரதீசன்? பள்ளிக்கூட விடுமுறைக்கு நீ சாவகச்சேரியில் சின்னம்மா வீட்டில் நின்றாய். செத்தவீடு முடிந்தபிறகுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாசல் படலையடியில் நின்றது நான்.

நீ நிற்காத இடத்தில் நின்றதாகச் சொல்லி, அப்பாவின் சாவைக் கொண்டுபோய் ஒரு துவக்குக்கு அலங்காரம் செய்திருக்கிறாய். அந்த வீடியோவை இணையத்திலிருந்து எடு. அந்த இரும்பை வீட்டைவிட்டு அனுப்பு. அதுவரை உன் வாசலுக்கு நான் வரமாட்டேன்.

கோபத்துடன்,
அக்கா


செவன் கிங்ஸ்,
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு என்று எழுதக் கை கூசுகிறது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஓம், நான் அங்கே நிற்கவில்லை. சொன்னது பொய்தான். ஆனால் உண்மையை எனக்கு யார் தந்தீர்கள்? சின்னம்மா வீட்டிலிருந்து வந்தபோது அப்பாவின் சைக்கிள் சுவரோடு சாய்ந்திருந்தது. "அப்பா எங்கை?" என்று கேட்டேன். அம்மா என் வாயைக் கையால் பொத்தினா. நீங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அந்த வீட்டில் நான் கேட்டதேயில்லை.

ஒருநாள் குஞ்சியப்பா வேலிக்கு அங்கால் யாரோடோ கதைத்தது காதில் விழுந்தது. "நாற்பத்தைஞ்சாலைதான் போட்டவங்கள்." அவ்வளவுதான். என் அப்பாவைப் பற்றி எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு எண் மட்டும். அதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒட்டுக்கேட்டது.

லண்டனுக்கு வந்து இங்கிலீஷ் ஓரளவு பிடிபட்டதும் லைப்ரரியில் அந்த எண்ணைத்தான் தேடினேன். ஒரு தடித்த புத்தகத்தில் இந்தப் பிஸ்டலை நெடுக்காக வெட்டிக் காட்டிய படம் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. எது எதைத் தள்ள எது அசையும் என்று எல்லாம் வெளிச்சமாக. எங்கள் வீட்டில் எனக்கு இல்லாத வெளிச்சம். இரண்டு நாள் போய் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித் தொடங்கினது. பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது, அக்கா. நான் லேத்தில் நின்று கையைக் கறுப்பாக்கிச் சீவிக்கிறவன். நல்ல வேலைப்பாட்டைக் கண்டால் எனக்குத் தெரியும். ஒரு கருவியும் இல்லாமல் வெறும் கையாலே அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டலாம். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஆட்களோடு பிராக் நகரத்துச் சுடுகூடத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு, அதைப் பிரித்து மேசையில் பரப்பும்போது என் மனம் அடங்குகிறது. வீட்டில் இருப்பதோ குழலை அடைத்து ஒட்டி, இனி ஒருபோதும் சுடாது என்று சான்றிதழோடு வாங்கினது. அது ஒருவரையும் ஒன்றும் செய்யாது.

என் கூட்டத்தை ஏளனமாக எழுதுகிறீர்கள். டொலறஸ் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபோது யார் வந்தது? எங்கள் தலைவர் கஸ்பர் அண்ணை, பாசையூர்க்காரர், இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் மீன்குழம்பும் புட்டுமாக என் கதவைத் தட்டினார். நீங்கள் போனில், "வேதக்காரப் பெட்டையைக் கட்டேக்கை யோசிச்சிருக்க வேணும்" என்றீர்கள்.

வீடியோவை எடுக்கமாட்டேன். படலையடியில் நின்றது நீங்கள் என்றால் நீங்கள் சொல்லுங்கள். இப்போதாவது சொல்லுங்கள்.

ரதீசன்


ஸ்ட்ரெதம்,
22.2.2025

ரதீசன்,

கேட்டாய். ஒருமுறைதான் எழுதுவேன்.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையால் வந்து, சாரத்தை மாற்றிக்கொண்டு, படலையின் அறுந்த கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கம்பி வெட்டும் குறடு எடுத்துக்கொண்டு போனேன். ஒழுங்கையால் ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கினான். வெள்ளைச் சேர்ட். அப்பா தலையைத் தூக்கி, "என்ன தம்பி, ஆரைத் தேடுறியள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அவன் இடுப்பிலிருந்து துவக்கை எடுத்தான். முதல் வெடி வேலிக்குள் போனது. அப்பா ஓடியிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பி, "உள்ளை போ, பிள்ளை" என்றார். அந்த நேரத்தில்தான் இரண்டாவது.

நான் உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் வைத்திருந்த துவக்கையும் பார்த்தேன். அதன் நடுவில் உருண்டையாக ஒரு உருளை இருந்தது. முதல் வெடிக்குப் பிறகு அது சுற்றியது. நீ பச்சைத் துணியில் வைத்திருந்த தட்டையான சாமான் அது இல்லை. கோது துள்ளி விழும் என்று கையால் வேறு காட்டினாயே, அப்படி ஒன்றும் துள்ளவில்லை. கீழே எதுவும் விழவில்லை, அப்பாவைத் தவிர.

குஞ்சியப்பா அன்றைக்குக் கொழும்பில் நின்றார். யாரோ சொன்னதை அவர் இன்னொருவருக்குச் சொன்னார். நீ காதலித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிஸ்டல் எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

கதவைச் சாத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "இவனுக்கு மட்டும் சொல்லாதை. இவன் தாங்கமாட்டான்" என்று சத்தியம் வாங்கியிருந்தா. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் சாத்தினேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. நான் தாங்குவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் இன்றுவரை கேட்கவில்லை. உனக்குத் துவக்கின் பெயர்தான் தேவைப்பட்டது.

இனி இதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

சிவரூபினி


செவன் கிங்ஸ்,
13.4.2025

அக்கா,

உடனே பதில் எழுத என்னால் ஏலவில்லை. உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரங்களில் காருக்குள் இருந்து வாசித்தேன்.

குஞ்சியப்பா சொன்ன எண் சரியாகக்கூட இருக்கலாம். அந்த அளவில், நீங்கள் சொன்னதுபோல உருளை உள்ள ரிவோல்வர்களும் உண்டு. எண்ணைக் கேட்டுவிட்டு வேறொரு துவக்கைப் போய்ப் பிடித்துக்கொண்டவன் நான். வருடக்கணக்காக அதைப் படித்தவனுக்கு இந்தச் சந்தேகம் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரக்கூடாது என்று நான் இருந்திருக்கிறேன்.

மார்ச் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். நான் அங்கே நிற்கவில்லை, என் அக்கா நின்றா, அது இந்தத் துப்பாக்கியும் இல்லை என்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், நல்ல கதை ஒன்று கெட்டுப்போய்விட்டதே என்று சிரித்தார். நான் அவருடைய கொலரைப் பிடித்துவிட்டேன். கஸ்பர் அண்ணைதான் என்னை இழுத்துக்கொண்டு வெளியே போனார். கார்பார்க்கில் வைத்து, "உங்கட அப்பா என்ன மாதிரியான ஆள், தம்பி?" என்று கேட்டார்.

பிஸ்டலைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்த வாய். சைக்கிள் நினைவிருக்கிறது என்றேன். சங்கக்கடை மனேஜர் என்றேன். அதோடு முடிந்துவிட்டது. அவருடைய குரல்கூட எனக்கு நினைவில்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லி, எடுத்தாயிற்று. கஜந்தினியிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் அந்தப் பிஸ்டலை அனுப்பமாட்டேன். அப்பாவை அதிலிருந்து கழற்றி எடுத்த பிறகு அதன்மேல் வெறுப்பு வரும் என்று நினைத்தேன். நேற்றுக் கையில் எடுத்துப் பார்த்தேன். இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது. முன்பு அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். இப்போது காரணம் இல்லை, சும்மா பிடித்திருக்கிறது. இதை மறைத்து இன்னொரு பொய்யை உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்கள்மேல் உள்ள கோபமும் போகவில்லை. அம்மா போய் ஆறு வருடம். அதற்குப் பிறகாவது நீங்கள் சொல்லியிருக்கலாம். படலையடியில் நடந்ததை இனிக் கேட்கமாட்டேன். அதற்கு முதல் இருந்த அப்பாவைத்தான் கேட்கிறேன். அவரை உங்களுக்குப் பதினைந்து வருடம் தெரியும். எனக்கு அதில் பாதிகூட இல்லை.

தம்பி


ஸ்ட்ரெதம்,
20.4.2025

தம்பி,

என் கோபமும் போகவில்லை. 'அழகு' என்று நீ எழுதின இடத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கஜந்தினி கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சாமான் அங்கே இருக்கும்வரை செவன் கிங்ஸுக்கு நான் வரமாட்டேன். அதில் மாற்றம் இல்லை. உனக்கு அது பிடித்திருந்தால் வைத்திரு. என்னைப் பார்க்க வைக்காதே.

வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவின் திவசம். இத்தனை வருடமும் உனக்குத் திகதிகூடச் சொல்லாமல், இந்தக் குசினியில் நான் தனியாகச் சமைத்துப் படைத்தேன். இந்த முறை என்னால் தனியாக ஏலாது.

அப்பா சாப்பிடும்போது கதைக்கமாட்டார். முருங்கைக்காயைக் கடைசிக்கென்று சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். குரல் கொஞ்சம் மெல்லிசு. பெரிய ஆள், சின்னக் குரல் என்று அம்மா பகிடி பண்ணுவா. சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். மிச்சம் எனக்கு எழுத வராது.

கஜந்தினி லீவு போட்டிருக்கிறாள், அவளும் கேட்க வேண்டுமாம். விடியவே வா. சாப்பிடாமல் வா.

அக்கா